பாதுகாப்புச் செலவுக் குறைப்பும் வடசென்னைத் தொழிற்கரையும்: இராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரை

ஆய்வுச்சுருக்கம்

படைச்செலவைக் குறைத்தால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் கிடைக்கும் என்பது பரவலான எண்ணம். குறைத்தால் தொழிற்கூடங்கள் முடங்கி வேலை போகும் என்பது அதற்கு எதிரான எண்ணம். வடசென்னைக் கரையிலுள்ள மூன்று தொழிற்கூடங்களின் வரலாற்றையும் ஒன்றிய அரசின் வரவு செலவுத் திட்டத்தின் உட்பிரிவுகளையும் கொண்டு இவ்விரண்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. குறைப்பின் சுமை இத்தகைய கரைகளில்தான் முதலில் இறங்குகிறது. மிச்சப்படும் பணம் இங்கே திரும்பி வருவதற்கான வாய்க்கால் இன்றைய நிதியமைப்பில் வெட்டப்படவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பாதுகாப்புச் செலவு, வடசென்னை, காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர், நிதிப் பகிர்வு, சமூகநலத் திட்டங்கள்

முன்னுரை

1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் இரயில் நிலையத்திலிருந்து கடலோரமாக வடக்கே சென்றால் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என ஊர்கள் தொடர்கின்றன. கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தைக் கடந்தால் திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளி. துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் உர ஆலையும் அருகிலுள்ள மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் நெருங்கி நிற்கும் இக்கரை, மாசு குறித்தும் மீனவர் வாழ்வு குறித்தும் பேசப்பட்ட அளவுக்குப் படைத்துறையோடு தனக்குள்ள தொடர்பு குறித்துப் பேசப்பட்டதில்லை. அத்தொடர்பு சிறியதன்று.

இரண்டு தொகைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2023 மார்ச்சில் இந்தியக் கடற்படைக்கு 3 பயிற்சிக் கப்பல்களைக் கட்டித்தர லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனத்துடன் 3,108 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. கப்பல்கள் கட்டப்படும் இடம் காட்டுப்பள்ளி. ஓராண்டு கழித்து, 2024 மார்ச்சில், 4,181 கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டப் பணிகளைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. குடிநீர், கழிவுநீர், பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவை அதனுள் அடங்கும். ஏறத்தாழ ஒரே அளவான இவ்விரு தொகைகளும் ஒரே கரையில்தான் செலவாகின்றன. முதல் தொகையைக் கைவிட்டு இரண்டாவதைப் பெருக்கினால் என்ன என்ற வினா எளிதாக எழுகிறது. விடை அவ்வளவு எளிதாக இல்லை. ஏனெனில் ஒன்று தில்லியின் பணப்பை, மற்றொன்று சென்னையின் பணப்பை.

பொருளியலாளர் கருத்துகள்

படைச்செலவு வளரும் நாடுகளின் பொருளாதாரத்தை எவ்வாறு பாதிக்கிறது என்ற விவாதத்தைத் தொடக்கி வைத்தவர் எமில் பெனாய்ட். 44 வளரும் நாடுகளை ஆராய்ந்து 1973இல் அவர் வெளியிட்ட நூல், படைச்செலவு மிகுந்த நாடுகள் வேகமாக வளர்ந்ததாகக் காட்டி வியப்பை ஏற்படுத்தியது. வெளிநாட்டு உதவி மிகுதியாகப் பெற்ற நாடுகளே படைக்கும் மிகுதியாகச் செலவிட்டன என்பதால் எது காரணம், எது விளைவு என்ற ஐயம் உடனே எழுந்தது. சாதெத் தெகர் உள்ளிட்ட பிற்கால ஆய்வாளர்கள் சேமிப்பையும் முதலீட்டையும் படைச்செலவு அரிப்பதைச் சுட்டி எதிர்முடிவுக்கு வந்தனர். வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் இராபர்ட் பாலினும் ஹைடி காரெட் பெல்டியரும் செய்த கணக்கீடுகள் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. ஒரே அளவு பணம் படைத்துறையில் உருவாக்கும் வேலைகளைவிடக் கல்வியில் இருமடங்கிற்கு மேலும், மருத்துவத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும் வேலைகளை உருவாக்குகிறது என்பது அவர்களது 2011ஆம் ஆண்டு முடிவு. ஆசிரியப் பணியில் ஊதியமே பெரும்பகுதி. போர்க்கப்பலில் எஃகும் இயந்திரமும் மின்னணுக் கருவிகளும் பெரும்பகுதி. முடிவின் அடிப்படை இதுதான்.

இந்திய வரலாறு இரு திசையிலும் சான்று தருகிறது. 1962 சீனப் போருக்குப் பின் பாதுகாப்புச் செலவு திடீரென உயர்ந்தது. 1965 போரும் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் இலக்குகளை எட்டாமல் முடிந்தது. 1966 முதல் 1969 வரை ஐந்தாண்டுத் திட்டமே இல்லை. மறுதலையாக, 1980களின் பிற்பகுதியில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்கு மேலிருந்த பாதுகாப்புச் செலவு, 1991 நெருக்கடியை ஒட்டிய ஆண்டுகளில் குறைந்தது. அந்த மிச்சம் நலத்திட்டங்களுக்குப் போயிற்றா என்றால், இல்லை. பற்றாக்குறையைக் குறைப்பதே அன்றைய குறிக்கோள். அரசின் மருத்துவச் செலவு 1990கள் முழுவதும் மொத்த உற்பத்தியில் 1 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. குறைப்பு ஒரு முடிவு, மிச்சத்தை எதற்குச் செலவிடுவது என்பது வேறொரு முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

திருவொற்றியூர்: படைக்குப் பிறந்த தொழிற்சாலை

திருவொற்றியூரின் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை தரைப்படையின் தேவையிலிருந்து பிறந்தது. நிறுவனத்தின் பெயரே இங்கிலாந்தின் என்ஃபீல்டு நகரிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் கொடுத்ததால் வந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியாக 350 சிசி புல்லட்டை இந்தியத் தரைப்படை தேர்ந்தெடுத்தது. அந்த ஆணையின் வலிமையில் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் நகரத் தாய் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டே திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. இங்கிலாந்துத் தாய்த் தொழிற்சாலை 1970ஆம் ஆண்டளவில் மறைந்துபோக, கிளை உயிர்பிழைத்தது.

பின்னர் ஜப்பானிய நுட்பத்தில் வந்த சிறு வண்டிகள் சந்தையைப் பிடித்தபோது புல்லட் தளர்ந்தது. படைத்துறை, காவல்துறை ஆணைகள் தொழிற்சாலையை ஓடவைத்தன, வளரவைக்கவில்லை. 1994இல் அது ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2000க்குப் பின் பொழுதுபோக்குப் பயணிகளை நோக்கித் திரும்பிய உற்பத்தி வெற்றி பெற்று, 2024-25இல் ஆண்டு விற்பனை 10 இலட்சத்தைத் தாண்டியது. படைத்துறையை நம்பிப் பிறந்த ஒரு தொழில் பொதுமக்கள் சந்தைக்கு மாறி ஓங்கியதற்கு இந்தியாவில் இதைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு அரிது.

ஆனால் வடசென்னையின் கண்ணோட்டத்தில் கதை இங்கே முடிவதில்லை. வளர்ச்சிக்குரிய புதிய தொழிற்சாலைகள் 2013இல் ஒரகடத்திலும் 2017இல் வல்லம் வடகாலிலும் எழுந்தன. திருவொற்றியூரில் விரிவதற்கு இடமில்லை. தெற்கே சிப்காட் நிலம் ஆயத்தமாக இருந்தது. நிறுவனம் மாறியது, பிழைத்தது. புதிய வேலைகள் ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்குப் போயின. தொழில் மாற்றத்தால் பொருளாதாரம் ஒட்டுமொத்தமாக ஈடுகட்டிக்கொள்ளும் என்று பாடநூல்கள் கூறுவது உண்மைதான். எந்த ஊரில் ஈடுகட்டும் என்பதை அவை கூறுவதில்லை.

எண்ணூர் அசோக் லேலண்டின் நிலை வேறு. 1948இல் தோன்றிய இந்நிறுவனம் தரைப்படைக்குச் சரக்கு வண்டிகள் வழங்குவதில் முன்னணியில் இருப்பினும், அதன் பிழைப்பு லாரி, பேருந்துச் சந்தையில்தான். அச்சந்தை 2019இல் சரிந்தபோது செப்டம்பர் மாதத்தில் மட்டும் எண்ணூர் ஆலைக்கு 16 நாள் உற்பத்தி நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. பொதுமக்கள் சந்தை உறுதியானது, படைத்துறை ஆணை மட்டுமே நிலையற்றது என்று கருதுவோர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காட்டுப்பள்ளி: வராத கப்பல்கள்

செலவுக் குறைப்பின் விளைவை நேரடியாகக் காணக்கூடிய இடம் காட்டுப்பள்ளி. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவின் சிறு பங்குடன் லார்சன் அண்டு டூப்ரோ உருவாக்கிய கப்பல் கட்டும் தளமும் சிறு துறைமுகமும் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தன. பெரிய போர்க்கப்பல்களைக் கட்டும் கொள்ளளவோடு அமைக்கப்பட்ட தளம் அது. 2015 மார்ச்சில் கடலோரக் காவல்படைக்கு 7 சுற்றுக்காவல் கப்பல்கள் கட்டும் 1,432 கோடி ரூபாய் ஒப்பந்தம் கிடைத்தது. முதற்கப்பலான விக்ரம் 2018இலும் கடைசிக் கப்பலான விக்ரஹா 2021 ஆகஸ்டிலும் பணியில் சேர்ந்தன. காலந்தாழ்த்தலுக்குப் பெயர்போன இந்தியப் போர்க்கப்பல் கட்டுமானத்தில் இவ்வேகம் பாராட்டப்பட்டது.

ஆனால் தளம் காத்திருந்தது இன்னும் பெரிய ஆணைகளுக்கு. படையினரையும் வண்டிகளையும் கரையில் இறக்கும் பெருங்கப்பல்கள் நான்கைக் கட்டக் கடற்படை 2010களின் தொடக்கத்தில் முயற்சி தொடங்கியது. பல்லாயிரம் கோடி மதிப்புள்ள பணி. போட்டியில் கடைசிவரை நின்றவை காட்டுப்பள்ளித் தளமும் குஜராத்தின் பிபாவாவ் தளமும். ஒப்பந்தப்புள்ளி ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கப்பட்டது. 2019 திசம்பரில் அன்றைய கடற்படைத் தலைமைத் தளபதி கரம்பீர் சிங், பாதுகாப்பு நிதியில் கடற்படையின் பங்கு 2012இல் 18 விழுக்காடாக இருந்து 13 விழுக்காடாகச் சரிந்துவிட்டதை வெளிப்படையாகக் கூறினார். தேவைப் பட்டியல் சுருக்கப்பட்டது: கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள் 12இலிருந்து 8 ஆயின, நான்கு பெருங்கப்பல்கள் இரண்டாயின. 2020இல் அந்த ஒப்பந்தப்புள்ளியே திரும்பப் பெறப்பட்டது. அதே காலத்தில் பிபாவாவ் நிறுவனம் நொடிப்பு நடவடிக்கைக்குள் சென்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் நாட்டின் மொத்தப் பாதுகாப்புச் செலவு ரூபாய்க் கணக்கில் குறையவில்லை, கூடிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு கூறு நெருக்கப்பட்டதற்கே இவ்விளைவு.

காட்டுப்பள்ளி எவ்வாறு பிழைத்தது? துறைமுகத்தைத் தனியே பிரித்து 2018இல் 1,950 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்திற்கு விற்றது. எண்ணெய், எரிவாயுத் துறைக்கான பெருங்கட்டமைப்புகளை அவ்வளாகத்தில் உருவாக்கியது. கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளம் பெற்ற கடற்படை ஆணைகளில் ஒரு பகுதியைக் கட்டிக்கொடுத்தது. 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்த அர்னாலா அவ்வாறு உருவான கப்பல். 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்ப்புக்காக இங்கே வந்தது. அந்நாட்டுக் கடற்படைக் கப்பலொன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதன்முறை. நம் படைச்செலவு சுருங்கிய இடத்தைப் பிறநாட்டுப் படைச்செலவு ஓரளவு நிரப்பியது என்பது இக்கதையின் முரண்.

துறைமுகத்தின் பின்கதையையும் விட்டுவிட முடியாது. அதனை 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகின்றனர். தளத்திற்காக இடம்பெயர்ந்த காட்டுப்பள்ளிக்குப்பத்து மீனவர்கள் நிரந்தர வேலை கோரிப் போராடியிருக்கின்றனர். படைத்துறைப் பணி போய்ச் சரக்குப் பெட்டகங்கள் வந்தால் அது இயல்பாகவே மக்கள்நலப் பொருளாதாரம் ஆகிவிடும் என்று நம்ப இக்கரை இடந்தரவில்லை.

வெட்டு எங்கே விழும்

2025-26ஆம் ஆண்டுக்கான பாதுகாப்பு ஒதுக்கீடு 6,81,210 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் மொத்தச் செலவில் இது 13 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இதில் ஓய்வூதியம் 1,60,795 கோடி. படையினர் சம்பளமும் படிகளும் இரண்டு இலட்சம் கோடியை நெருங்குகின்றன. இவ்விரண்டுமே பாதிக்கும் மேலாகி விடுகின்றன. கப்பல், வானூர்தி, வண்டி, கட்டுமானம் ஆகியவற்றுக்கான மூலதனச் செலவு 1,80,000 கோடி.

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பதாகக் கொள்வோம். மிச்சப்பட வேண்டியது 68,121 கோடி. ஓய்வூதியத்தை எந்த அரசும் தொடாது. சம்பளத்தை ஓராண்டில் குறைக்க முடியாது. ஆகவே வெட்டு முழுவதும் மூலதனத்தில் விழுமாயின், அதில் ஏறத்தாழ 38 விழுக்காடு போய்விடும். பராமரிப்பு, எரிபொருள் முதலிய நடைமுறைச் செலவுகளோடு பகிர்ந்துகொண்டாலும் 23 விழுக்காடு. தாளில் 10 எனத் தோன்றும் குறைப்பு, கட்டும் தளத்தின் வாயிலில் நிற்பவருக்கு 23ஆகவோ 38ஆகவோ வந்து சேர்கிறது. அங்கும் முதலில் வெளியேறுவோர் ஒப்பந்தக்காரர் வழியாக வந்த பற்றவைப்பாளர்களும் வண்ணம் பூசுவோரும்தான். நிறுவனத்தின் ஊழியர் கணக்கில் இல்லாத அவர்களது வேலையிழப்பு எந்த அறிக்கையிலும் ஆட்குறைப்பாகப் பதிவாவதில்லை.

இதற்கு நேர்மாறான நிலை இலங்கையில். 2009இல் போர் முடிந்தபின்னும் படையின் அளவு பெரிதாகவே தொடர்ந்தது. அங்கே செலவில் பெரும்பகுதி சம்பளம். 2022இல் கடனைத் திருப்பித் தர இயலாமல் நாடு முடங்கிய பிறகே, 2 இலட்சத்தை ஒட்டிய படைபலத்தை 2024க்குள் 1,35,000ஆகவும் 2030க்குள் 1,00,000ஆகவும் குறைப்பதாக 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பதின்மூன்று ஆண்டு அமைதியில் செய்யாததைத் திவால் செய்ய வைத்தது. அங்கு குறைப்பின் சுமை தொழிற்சாலையில் விழாது. சிப்பாயாக மகனை அனுப்பிய தென்னிலங்கைச் சிற்றூர்களில் விழும்.

மிச்சப்படும் ரூபாயின் வழி

திருக்குறளின் நாடு என்னும் அதிகாரம் பசி, பிணி, பகை மூன்றும் அண்டாதிருப்பதே நாடு என ஒரே மூச்சில் கூறுகிறது. நம் அரசமைப்புச் சட்டம் அவற்றைப் பிரித்து வைத்துள்ளது. பகையைத் தடுப்பது ஒன்றியப் பட்டியலில். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில். தண்டையார்பேட்டைக் குடிநீர்க் குழாய்க்கும் இராயபுரம் மகப்பேறு மருத்துவமனைக்கும் செலவிடுவது மாநில அரசும் மாநகராட்சியும். பாதுகாப்பில் மிச்சமாகும் பணம் ஒன்றிய அரசிடம் தங்குகிறது.

அப்பணம் கீழே வருமா? மாநிலங்களோடு பகிரப்படுவது வரி வருவாய்தான். செலவில் மிச்சம் பிடித்ததற்குப் பங்கு இல்லை. ஒருவேளை 68,121 கோடி முழுவதும் வரி போலவே பகிரப்பட்டால் என்னவாகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 15ஆவது நிதி ஆணையம் மாநிலங்களுக்கு வகுத்த பங்கு 41 விழுக்காடு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. கிடைப்பது ஏறத்தாழ 1,139 கோடி ரூபாய். வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் தொடக்கத் தொகையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதுவும் மாநிலம் முழுமைக்கும். இத்தனைக்கும் இது கற்பனைக் கணக்கு. நடைமுறையில் அத்தகைய உரிமை எதுவும் இல்லை.

எதிர்த்திசையில் மட்டும் வாய்க்கால் உண்டு. அதே நிதி ஆணையம் 2021-26 காலத்திற்குப் பாதுகாப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு நவீனமயத்திற்காக 2,38,354 கோடி ரூபாயில் தனி நிதியம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அதற்கு இடமளிக்கும் வகையில் மாநிலங்களுக்கான மானியக் கூறில் 1 விழுக்காட்டைக் குறைத்ததாக ஆணையமே கூறியது. ஒன்றிய அரசு அந்நிதியத்தைக் கொள்கையளவில் ஏற்றது. படைச்செலவு ஏறும்போது மாநிலத்தின் பங்கைத் தொட முறை இருக்கிறது. இறங்கும்போது மாநிலத்துக்குத் திருப்பித் தர முறை இல்லை. இக்கட்டுரையாளர் நோக்கில் இவ்விவாதத்தின் உயிர்நிலை இதுவே.

எஞ்சியிருப்பது ஒன்றிய அரசின் பங்களிப்போடு நடக்கும் திட்டங்கள்: அங்கன்வாடி, தேசிய நலவாழ்வுத் திட்டம், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். திருவொற்றியூர்க் குழந்தைக்குத் தில்லிப் பணம் வந்துசேரும் வழி அதுதான். ஆனால் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி, பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டதைக் கண்டோம். பணம் இருப்பதும் அது வந்துசேர்வதும் வெவ்வேறு என்பதை அந்நிகழ்வு காட்டியது. குறைப்பைக் கோருவோர் அதனுடன் நிபந்தனையற்ற மானியத்தையும் சேர்த்தே கோர வேண்டியிருக்கிறது.

மாற்றுப் பணிகள்

1976இல் இங்கிலாந்தின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள், படைத்துறை ஆணைகள் குறைந்து ஆட்குறைப்பு நேரும் என அஞ்சி, தங்கள் கருவிகளைக் கொண்டே செய்யத்தக்க 150 அளவிலான பொதுப்பயன் பொருள்களின் பட்டியலைத் தாங்களே வகுத்தனர். வெப்ப ஏற்றிகளும் மருத்துவக் கருவிகளும் அதில் இருந்தன. நிருவாகம் ஏற்கவில்லை. ஆயினும் எதைச் செய்ய முடியும் என்று தொழிலாளிக்குத் தெரியும் என்பதை அப்பட்டியல் நிறுவியது.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. 2022இல் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைக் கட்டி முடித்த கொச்சித் தளம்தான், 2023இல் ஓடத் தொடங்கிய கொச்சி நீர்வழிப் போக்குவரத்தின் மின்படகுகளையும் கட்டியது. போர்க்கப்பலுக்கும் பயணிகள் படகுக்கும் நடுவே ஆட்களையும் கருவிகளையும் மாற்றிக்கொள்ள அங்கு இயன்றது. காரணம், படகு வாங்கும் பொது அமைப்பு ஒன்று கையில் ஆணையோடு நின்றது. 2017இல் பாக் நீரிணை இழுவைப்படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் மீன்பிடிப் படகுகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோதும் படகு கட்டும் ஆணைகள் கொச்சிக்குப் போயின. காட்டுப்பள்ளிக்கு அத்தகைய வாடிக்கையாளர் இல்லை. தமிழ்நாடு அரசோ சென்னைத் துறைமுகமோ எண்ணூர்க் காமராசர் துறைமுகமோ தமக்கு வரும் பத்தாண்டுகளில் எத்தனை இழுவைக் கப்பல், தூர்வாரும் கலம், மீட்புப் படகு வேண்டும் என்ற ஒரு பொதுப் பட்டியலை முன்கூட்டியே வெளியிட்டால், கடற்படை ஆணை சுருங்கும் ஆண்டுகளில் தளத்துக்கு வேலை கொடுக்க முடியும். கப்பல் கட்டுவதில் திட்டமிடுவதற்கும் எஃகு வெட்டுவதற்கும் இடையே ஓரிரு ஆண்டுகள் செல்லும். ஆகவே பட்டியல் குறைப்புக்கு முன்னால் வர வேண்டும்.

2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அலையாத்திச் செடிகளும் வலைகளும் கறுத்தன. நாட்கணக்கில் மீனவர்கள் வாளிகளாலும் குவளைகளாலும் அதை அள்ளி எடுத்தனர். கடலோரக் காவல்படைக்கு 7 கப்பல்களைக் கட்டிக்கொடுத்த தளம் அக்கழிமுகத்தின் மறுகரையில் இருக்கிறது. கழிமுகத்தின் ஆழமற்ற நீரில் எண்ணெயை வாரும் சிறு கலங்கள் அத்தளத்துக்குக் கடினமான பணியன்று. அவற்றை வாங்குவது மாநில அரசா, துறைமுகமா, ஆலையா என்பது அன்று முடிவாகியிருக்கவில்லை.